எனக்கு நானே பக்கவாத்தியம்

கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிற ஆளைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பாட்டுக்காரர்கள், "கிட்டார் நல்லா வாசிக்கிறாரு" என்பார்கள். வாத்தியக்காரர்கள், "பரவாயில்ல, பாட்டு நல்லா வருது" என்பார்கள். இரண்டிலும் ஒரு நழுவல் இருக்கிறது. அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததில்லை. பாடுவது ஒரு வித்தை, வாசிப்பது ஒரு வித்தை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது மூன்றாவது வித்தை. முதல் இரண்டுக்கும் வாத்தியார்கள் உண்டு. மூன்றாவதற்கென்று போர்டு மாட்டிய வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

கச்சேரி மேடையில் வேலை பிரிந்து கிடக்கிறது. பாடகர் ஒரு சங்கதியை நீட்டினால் வயலின்காரர் காத்திருப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் உள்ளே வருவார். நல்ல பக்கவாத்தியக்காரருக்கு எப்போது வாசிக்கக் கூடாது என்பதும் பாடம். கிட்டாரோடு பாடுகிறவனுக்கு இரண்டு ஆளும் அவனேதான். அடக்கி வாசி என்று சொல்ல வேண்டியவனும், கேட்டு அடங்க வேண்டியவனும் ஒருவன். இந்த ஒப்பந்தம் எனக்குள் கையெழுத்தாக வேலைக்காலம் முழுவதும் பிடித்தது.

எனக்குச் சம்பளம் தந்தது தொலைபேசித் துறை. திருச்சியில் மெக்கானிக்காகச் சேர்ந்து, துறை 2000இல் பிஎஸ்என்எல் ஆன பிறகும் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன். பாட்டில் கிடைத்தது பெரும்பாலும் வண்டிச்சத்தமும் ராத்திரிச் சாப்பாடும்தான். அதில் எனக்குக் குறையும் இல்லை. பிழைப்புக்காக வாசிக்கிறவன் பிடிக்காத பாட்டையும் வாசித்தாக வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒரே பாட்டை வருஷக்கணக்கில் போட்டு நோண்டலாம், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீடு பொன்மலைக்குப் பக்கத்தில். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு மாறியது. பணிமனையை ஒட்டி ரயில்வே காலனி, காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், அவர்கள் வீட்டுத் திண்ணைகளில் கிட்டார். ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும் அந்தத் தெருக்களில்தான் என் காதில் விழுந்தார்கள். கிளிஃப் ரிச்சர்ட் லக்னோவில் பிறந்தவர் என்பதால் அவரை உறவுமுறை சொல்லித்தான் பேசுவார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பணிமனையில் ஃபிட்டர். கிறிஸ்துமஸ், நியூ இயர் வந்தால் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் வாசிப்பார். ஃபீஸ் வாங்கமாட்டார். நேரம் தவறினால் கதவைத் திறக்கமாட்டார்.

நான் கொண்டுபோனது கல்கத்தாவில் செய்த மலிவு கிட்டார். தந்திக்கும் கழுத்துக்கும் நடுவில் பென்சில் நுழையும், அவ்வளவு உயரம். முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலை ஆறு தந்திகளுக்கும் குறுக்காகப் படுக்கவைத்து அமுக்குவதுதான் எஃப் கார்டு. கிட்டாரைத் தொட்ட பாதிப் பேர் அந்த இடத்தோடு விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கும் விரல்தான் சிவந்தது, சத்தம் வரவில்லை. சார் கிட்டாரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கை மேல தப்பு இல்ல மேன், நட் ஒசரமா இருக்கு" என்றார். தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் எலும்புத் துண்டுதான் நட். மெல்லிய அரத்தால் அதன் காடிகளை ஒவ்வொன்றாக ஆழப்படுத்தினார். கீழே பிரிட்ஜில் இருந்த சேடிலை உருவியெடுத்து, உப்புத்தாளைத் தரையில் விரித்து அதன்மேல் வைத்துத் தேய்த்தார். தேய்ப்பார், மாட்டுவார், வாசித்துப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். ரொம்பத் தேய்த்துவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் பட்டு ‘ஜிர்’ரென்று அடிக்கும், பிறகு புதுத் துண்டுதான் போட வேண்டும். அன்று சாயங்காலமே எஃப் பேசியது. இன்றைக்கும் புதிதாகக் கற்க வரும் பிள்ளை விரல் வலிக்கிறது என்றால், முதலில் கிட்டாரைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.

அவர் பாடம் நடத்திய விதம் வேறு எங்கும் நான் காணாதது. புதுப்பாட்டு என்றால் முதலில் கார்டு கிடையாது. "லெஃப்ட் ஹேண்ட சும்மா தந்தி மேல வை. அமுக்காத." வலதுகை மட்டும் மேலும் கீழும் போய்வர வேண்டும். தந்திகள் ஊமையாக ‘சக்கு சக்கு’ என்று மட்டும் சொல்லும். அதன்மேல் பாட்டின் வார்த்தைகளை ராகமில்லாமல் பேச வேண்டும். பேச்சு சரளமான பிறகு ராகத்தோடு. அதற்குப் பிறகு பாட்டு முழுவதற்கும் ஒரே ஒரு கார்டு. பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் அதேதான். கார்டுகள் மாறுவது கடைசியில். "ரைட் ஹேண்ட் தூங்கணும் மேன். தூங்கிக்கிட்டே நடக்கணும். அப்பதான் வாய் முழிச்சிருக்கும்" என்பார். பாடும்போது தாளம் பிசகுகிறது என்றால் கை இன்னும் விழித்திருக்கிறது என்று அர்த்தம். பிற்பாடு அவரும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். அந்தத் தெருக்களில் இருந்த பல வீடுகளின் கதை அதுதான்.

அதன் பிறகு எனக்கு வாத்தியார் டேப் ரெக்கார்டர். இளையராஜாவின் பாட்டுகளில் கிட்டார் முன்னால் வந்து நின்ற காலம் அது. 1980இல் வந்த ‘மூடுபனி’ அவருக்கு 100வது படம். அதில் பிரதாப் போத்தன் கையில் கிட்டாரோடு பாடுவதாக ஜேசுதாஸ் குரலில் ஒரு பாட்டு. 1982இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தது. அதில் எஸ்பிபி பாடிய நிலாப் பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர். எங்கள் வயதில் கிட்டார் பிடித்தவர்களைக் கேளுங்கள், இந்த இரண்டு பாட்டில் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள்.

கேசட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டு ஒவ்வொரு துண்டாக எடுக்க வேண்டும். முதல் தொல்லை சுருதி. ஒவ்வொரு டேப் ரெக்கார்டரும் ஒவ்வொரு வேகம். பேட்டரி இறங்கினால் பாட்டும் இறங்கும். கேசட்டில் ஏ மைனராகவும் இருக்காது, பி ஃப்ளாட்டாகவும் இருக்காது, நடுவில் எங்கேயோ நிற்கும். அந்த நடு இடத்துக்குக் கிட்டாரை இழுத்துக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். இந்தத் தொல்லையால் ஒரு லாபமும் உண்டு. ஸ்வரத்தின் பெயரை நம்பாமல், ஸ்வரங்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் கேட்கக் காது பழகியது.

நிலாப் பாட்டைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிக் கேட்டதில்தான் ஒன்று பிடிபட்டது. கிட்டார் நீண்டு பேசுவதெல்லாம் குரல் ஓய்ந்திருக்கும் இடத்தில். எஸ்பிபி வாயைத் திறந்துவிட்டால் கிட்டாரின் வேலை வேறு. அவருக்குப் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. நான் வீட்டில் பாடியபோது பல்லவியிலும் இடையிசைத் துண்டுகளைச் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். கைக்கு வந்ததையெல்லாம் காட்டிவிட வேண்டும் என்கிற வயது.

சுருதி கூட்ட என்னிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. டியூனிங் ஃபோர்க் இல்லாத நாட்களில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். நம் நாட்டு டயல் டோனின் அடிப்படை 400 ஹெர்ட்ஸ். கிட்டாரின் மூன்றாவது தந்தி ஜி. அதன் 12வது ஃப்ரெட்டின் மேல் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஹார்மானிக் 392 ஹெர்ட்ஸ். டயல் டோன் அதற்குக் கொஞ்சம் மேலே, அடுத்த அரை ஸ்வரத்துக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்கிறது. அந்தத் தந்தியை டயல் டோனோடு சேர்த்துவிட்டு மற்றவற்றை அதற்கு ஒட்டினால் தனியாகப் பாடுவதற்கு ஒரு பழுதும் இல்லை. ஹார்மோனியக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்தான் வம்பு.

பிற்பாடு ஆம்ப்ளிஃபயரோடு பழகியபோது இன்னொன்று தெரிந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத மேடையில் ஸ்பீக்கர் போடும் ‘உம்’ என்ற இரைச்சலில் ஓங்கிக் கேட்பது அதன் இரட்டிப்பான 100. நூறு, இருநூறு, நானூறு. எல்லாம் ஒரே ஸ்வரத்தின் ஸ்தாயிகள். ஆக டயல் டோனும் மேடை இரைச்சலும் ஒரே சுருதி, ஐந்து கட்டையை ஒட்டிச் சற்றே ஏறினது. ஜி சுருதிப் பாட்டில் இந்த இரைச்சல் பாதி ஒளிந்துகொள்ளும். ஜி ஷார்ப் பாட்டில் பல்லிடுக்கில் சிக்கினது மாதிரி உறுத்தும்.

எங்கள் ஆபீஸ் மனமகிழ் மன்றத்தில் ஆரம்பித்து, திருச்சி வட்டாரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் போய்ச் சேர்ந்தேன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, அவ்வளவுதான் எங்கள் எல்லை. தபேலா, பாங்கோஸ், டிரம்ஸ், கீபோர்டு, பேஸ் கிட்டார், நான் ரிதம் கிட்டார். கிட்டாருக்குத் தனி பிக்கப் வாங்க முடியாத காலத்தில், கழித்துப் போட்ட கறுப்பு டெலிபோனின் காதுப்பகுதியைக் கிட்டார் மேல்பலகையில் ஒட்டினேன். உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கிறது, மேலே ஒரு தகடு. கரண்ட் போனால் தகடு அதிர்ந்து பேசும். தகடு அதிர்ந்தால் கரண்ட் பிறக்கும். இரண்டு ஒயரைப் பற்றவைத்து, முனையில் ஜாக் போட்டால் தீர்ந்தது. சத்தம் டெலிபோனில் கேட்கிற மாதிரி மூக்கடைத்துத்தான் வரும். ஆனால் மைக் செட்காரரின் ஆம்ப்ளிஃபயரில் வந்தது.

குழுவில் பாடகர்கள் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார்கள். கட்டை என்பது ஹார்மோனியத்தின் கட்டை. ஒன்று என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி. நான்கு எஃப், ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், ஆறு ஏ. ஆண்கள் ஒன்றிலிருந்து இரண்டுக்குள், பெண்கள் ஐந்து, ஐந்தரை என்று கேட்பார்கள். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானைத் தட்டினால் சுருதி மாறிவிடும். கிட்டார்காரனுக்குக் கேபோதான் கதி. கழுத்தில் குறுக்கே கவ்வி எல்லாத் தந்திகளையும் ஒன்றுபோல ஏற்றிவிடும் கவ்வி அது. ஒன்றரைக் கட்டையா, முதல் ஃப்ரெட்டில் கேபோ போட்டு சி வடிவங்களை வாசி. ஐந்தரையா, முதல் ஃப்ரெட், ஜி வடிவம். நாலரையா, இரண்டாவது ஃப்ரெட், ஈ வடிவம். நான்கு என்றால் முதல் ஃப்ரெட்டில் கேபோ, ஈ வடிவம். எஃப் கார்டுக்குப் பயந்தவர்களுக்கு அதுவே புகலிடம். கேபோ கடைகளில் சுலபமாகக் கிடைக்காதபோது ஒரு பென்சிலைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து, ரப்பர் பேண்டை இரண்டு பக்கமும் இறுக்கிச் சுற்றியும் ஒப்பேற்றியிருக்கிறோம். பாதிப் பாட்டில் அது தெறித்துப் போய்த் தபேலாவில் விழும்.

பக்கவாத்தியம் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது இந்தக் குழுவில்தான். ஆறு தந்திகளையும் அள்ளி அடித்தால் கீழ்த்தந்திகள் பேஸ் கிட்டாரோடு முட்டும், நடுத்தந்திகள் கீபோர்டோடு முட்டும், இரண்டுக்கும் நடுவில் பாடகர் குரல் நசுங்கும். பேஸ் வாசித்தவர் ஒருநாள், "அண்ணே, கீழ மூணு தந்திய எனக்கு விட்டுடுங்க" என்றார். மெல்லிய மூன்று தந்திகளில் மட்டும், தாளத்தின் எடுப்புகளுக்கு நடுவில், மேல்நோக்கி ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான் வாசித்தேன். பாட்டு இறங்கியவுடன் பாடகர் திரும்பிப் பார்த்து, "இன்னிக்கு மானிட்டர் நல்லா இருக்குல்ல?" என்றார். மானிட்டரை யாரும் தொடவில்லை.

அடுத்து குரல். அதற்கு உறையூரில் ஒரு பாட்டு டீச்சரிடம் போனேன். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போன முதல் நாளே, "தம்பி, அத வாசல்லயே சாச்சி வெச்சுட்டு வாங்க" என்றார். அகார சாதகம் செய்யச் சொன்னார். கீழ் ஸட்ஜத்தில் ஒரு மூச்சு முழுவதும் நிற்கச் சொன்னார். நான் கிட்டாரின் மேல் குனிந்து குனிந்து பாடிப் பழகியிருந்தேன். கிட்டார் உடம்பு வயிற்றை அழுத்தினால் மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும், வரி முடியும் இடத்தில் சுருதி தொங்கும். நிமிர்ந்து உட்கார்ந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அன்றிலிருந்து கிட்டாரோடு பாடும்போது வார் போட்டு நின்றுகொண்டே பாடுகிறேன். உட்கார வேண்டியிருந்தால் கிட்டாரை இடதுதொடைப் பக்கம் தள்ளி, கழுத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், வயிறு விடுதலையாகும்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், "சரி, அதயும் கொண்டாங்க பாப்போம்" என்றார். சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மோகனத்தில் எளிய பாட்டு ஒன்று. நான் சி கார்டை மீட்டியதும் டீச்சர் முகம் சுளித்தார். "ஸ, ப ரெண்டும் சேருது. காந்தாரம் சண்ட போடுது." எனக்குப் புரியவில்லை. கிட்டாரைச் சரிபார்த்தேன், தந்திகள் சரியாகத்தான் இருந்தன. கோளாறு வாத்தியத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்திருப்பார்கள். மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி, ஸ்வரத்தைக் காதுக்குச் சரியான இடத்தில் நிறுத்தலாம். பிறகு தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகமும் கொடுக்கலாம். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் அடித்து இறக்கினவை. தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர் என்றால் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.5 மில்லிமீட்டரில், 12வது சரியாகப் பாதியில், 325இல். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டியிருக்கிறார்கள். எந்தச் சுருதியில் வாசித்தாலும் ஒரேமாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த சமரசம் அது. ஒவ்வொரு பங்கையும் 100 சென்ட் என்று கணக்குவைத்தால் பஞ்சமம் 700இல் விழுகிறது. இயற்கையான பஞ்சமம் 702. அந்த வித்தியாசம் நம் காதுக்கு எட்டாது. அந்தர காந்தாரம் கிட்டாரில் 400. இயற்கையான காந்தாரம் 386. இந்த 14 சென்ட்தான் டீச்சர் காதில் சண்டை போட்டது. தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை மீட்டிவிட்டுக் காதைக் கொடுத்தால் யாரும் மீட்டாமலே ஓர் அந்தர காந்தாரம் கேட்கும். அது 386. சுருதி அங்கே ஒரு காந்தாரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்க, கிட்டார் அதன் தலைமேல் இன்னொன்றை வைக்கிறது. தனியாக வாசித்தால் தெரியாது. சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில் தெரிந்துவிடும்.

டீச்சர் சொன்ன வைத்தியம் ஒரே வரி. "காந்தாரத்த நீங்க வாசிக்காதீங்க. பாடுங்க." கார்டிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஸட்ஜமும் பஞ்சமமும். அது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, வெறும் தளம். அதன்மேல் தொண்டை காந்தாரத்தைக் கொண்டுவந்து வைக்கும்போதுதான் அது சங்கராபரணமா, கீரவாணியா என்று கேட்கிறவருக்குத் தெரியவரும். சாதாரண காந்தாரமோ அந்தர காந்தாரமோ, கொஞ்சம் அசைந்தோ நின்றோ, அது குரலின் சொத்தாகிவிடும். வாத்தியம் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாட்டுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

கிட்டாரில் கமகத்தோடு கர்நாடக இசையே வாசிக்கும் ஆர். பிரசன்னா போன்றவர்கள் இருக்கிறார்கள். யூ. ஸ்ரீனிவாஸ் மாண்டலினில் செய்ததை உலகமே கேட்டது. அவர்கள் வாத்தியத்தையே குரலாக்கியவர்கள். அந்தச் சாதகம் வேறு, வாழ்க்கையே அதற்கு. என் தேவை சின்னது. பாட்டு என் தொண்டையில் இருக்கும்போது கை குறுக்கே வராமல் இருந்தால் போதும்.

அதன் பிறகு என் பாட்டுகளையெல்லாம் மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்விதான்: இந்த வரியில் குரல் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறது? அந்த ஸ்வரத்தை வாசிப்பிலிருந்து எடு. வரி நீளும் இடத்தில் ஒரு மீட்டு, பிறகு கையை எடு. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் வேண்டுமானால் பேஸ் தந்தியில் இரண்டு ஸ்வரம் நடந்து அடுத்த கார்டுக்குப் போ. மைக் முன்னால் நிற்கும்போது இதோடு இன்னொரு பாடமும் உண்டு. மைக்குக்கு ரொம்பக் கிட்டப் போனால் குரலின் அடிப்பாகம் பெருத்து, கிட்டாரின் கீழ்த்தந்திகளோடு குழம்பும். ஒரு சாண் தள்ளி நின்றால் வார்த்தை தெளியும்.

அன்றாட உபத்திரவங்களையும் சொல்லிவிட வேண்டும். விரலால் மீட்டுகிறவனுக்கு வலதுகை நகம் கொஞ்சம் வளர்ந்திருக்க வேண்டும், இடதுகையில் நகமே கூடாது. மேல்நாட்டில் எழுதின புத்தகங்கள் நகத்தை எப்படித் தேய்ப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்லும்; ரசஞ்சோற்றை அந்தக் கையால் பிசைகிறவனுக்கு ஒரு வரிகூட இருக்காது. மஞ்சள் ஏறிய நகத்தோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். "ஏங்க, பேசாம ஸ்பூன்ல சாப்பிடுங்களேன்" என்று வீட்டில் சொல்லிப் பார்த்தார்கள். அது மட்டும் முடியவில்லை. கட்டைவிரலிலும் இரண்டு விரலிலும் நகத்தை வளர்த்து, மோதிரவிரல் நகத்தை வெட்டிவிட்டேன். வாசிப்பில் ஒரு தந்தி குறைந்ததே தவிரப் பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தந்திக்கு எதிரி கை வியர்வை. திருச்சி வெயிலில் வாசித்துவிட்டு அப்படியே வைத்தால் இரும்புத் தந்தி கறுத்து, பிறகு சொரசொரக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது எனக்குக் கை கழுவுவதோடு சேர்ந்த பழக்கம். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து உப்பும், தந்தி உயரும், கோடையில் இறங்கும். கிட்டாரைச் சுவரோரம் சாய்க்காமல், பெட்டியில் வைத்து அலமாரிக்குள் வைத்தால் பாதி மருத்துவம் முடிந்தது.

ஓய்வு பெற்றபின் டிரினிட்டி கிரேடு தேர்வு ஒன்று எழுதினேன், கிளாஸிக்கல் கிட்டாரில். இளையராஜா தேறிய வழி என்று வாலிபத்தில் கேள்விப்பட்டதிலிருந்து இருந்த ஆசை. பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இடதுகாலுக்குச் சின்ன முக்காலி, நைலான் தந்தி, ஐந்துகோட்டு நொட்டேஷன். அதில் என்னை அசத்தியது ஒன்று: மௌனத்துக்கும் அங்கே குறி உண்டு. கால் மாத்திரை சும்மா இரு, அரை மாத்திரை சும்மா இரு என்று ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து. தப்பாக வாசித்தால் மார்க் போவது போல, சும்மா இருக்க வேண்டிய இடத்தில் தந்தி ஒலித்துக்கொண்டிருந்தாலும் மார்க் போகும். பொன்மலையிலும் உறையூரிலும் வாய்மொழியாகக் கேட்டதை அச்சில் பார்த்தேன்.

இப்போது வயது தன் கட்டணத்தைக் கேட்கிறது. வாலிபத்தில் இரண்டு கட்டையில் பாடின பாட்டுகள் ஒன்றுக்கு வந்தன, பிறகு அதற்கும் கீழே. மேல் ஸட்ஜம் தொடும் வரிகளில் குரல் கெஞ்சுகிறது. கேபோவைக் கழற்றியாயிற்று. அதற்குக் கீழே போக ஒரு வழிதான்: ஆறு தந்திகளையும் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கிக் கட்டுவது. இறக்கினால் தந்தியின் இறுக்கமும் குறைகிறது. விரல் முட்டிகளில் வலி தொடங்கியிருக்கும் காலத்தில் அது பெரிய சகாயம். தொண்டைக்காகச் செய்ததில் கைக்கும் வைத்தியம் ஆயிற்று. எஃப் கார்டை முழுதாக அமுக்குவதை நிறுத்திவிட்டேன். நான்கு தந்தியில் சின்ன வடிவம், சில பாட்டில் இரண்டே ஸ்வரம்.

அந்த இரண்டு ஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, என்னிடம் கற்க வரும் பையன் ஒருவன், "தாத்தா, நீங்க ஏன் ஈஸியா வாசிக்கிறீங்க?" என்று கேட்டான். அவன் கை வேகம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இணையத்தில் பார்த்து எதையும் ஒரு வாரத்தில் எடுத்துவிடுகிறான். பாடச் சொன்னால் மட்டும் குரல் கிட்டாருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. அவனுக்கும் ஊமைத் தந்தியிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ‘சக்கு சக்கு’ என்று தட்டுகிறான். போன வாரம் பல்லவி முழுவதையும் தாளம் விடாமல் பேசிவிட்டான். இந்த வாரம் ராகத்தோடு பாடச் சொல்லப்போகிறேன். ஒரு கார்டு கொடுப்பேன், அதில் காந்தாரம் இருக்காது. ஏன் இல்லை என்று அவனாகக் கேட்கிற வரைக்கும் நானாகச் சொல்வதாக இல்லை.